முகம் சட்டையில் - குரல் எங்கே?

மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவிலே ஒரு முகம் விலைக்குத் தொங்குகிறது!

திரிதிரியாய்ச் சடை, உதட்டிலே சிரிப்பு, பின்னாலே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். ஒரு பக்கம் கல்லைச் செதுக்கும் உளியோசை. மறுபக்கம் கடை வாசலிலே கொக்கி மாட்டி வரிசை வரிசையாய்ப் பனியன்கள். வெளிநாட்டார் வாங்குகிறார்கள்; கல்லூரித் தம்பிகள் வாங்குகிறார்கள்; திருப்போரூரிலிருந்து இரண்டு பேராய், மூன்று பேராய் வண்டியேறிக் கடற்கரைக்குப் போகிற நம் வட்டாரத்துப் பிள்ளைகளும் வாங்கி மாட்டிக் கொள்கிறார்கள். "யாரப்பா இவர்?" என்று கேட்டுப் பாருங்கள். "பாப் மார்லிண்ணே!" என்று பெயர் உடனே வரும். "என்ன செய்தவர்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். "கஞ்சா..." என்று இழுப்பார்கள், ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்!

முப்பத்தாறு வயதிலே மறைந்துபோன பாடகர் அவர். சேரியிலே வளர்ந்தவர். அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்காகப் பாடியவர். அவரைப் பனியனிலே அச்சடித்தார்கள். அச்சடித்தபோது முகத்தை எடுத்துக் கொண்டார்கள், குரலை விட்டுவிட்டார்கள். துணிக்கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் விற்பது துணி. நாம் கேட்க வேண்டியது, அந்தக் குரல் எங்கே போயிற்று என்பதைத்தான்.

அந்தக் குரலைத் தேடிப் பிடித்து, பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல், சினிமாவின் தயவும் இல்லாமல், டெல்லியிலே ஒருவர் தம் போக்கில் பாடத் தொடங்கினார். ரெகே என்பார்கள், டப் என்பார்கள், பங்க் என்பார்கள் - இந்த மூன்றையும் குழைத்து எடுத்த இசை அவருடையது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் இந்த மூன்று பெயரும் நம் தோழர்கள் பலருக்குப் புதியவை. அவை பிறந்த கதையைச் சொல்லாமல் அவரிடம் போனால், விதையைச் சொல்லாமல் விளைச்சலைச் சொன்ன கதையாகிவிடும்.

கரீபியக் கடலிலே ஜமைக்கா என்றொரு தீவு. முழுத்தீவின் மக்கள் தொகையும் நம் சென்னை மாநகரத்தின் தொகைக்கு எட்டாது. 1655இல் ஸ்பெயின்காரரிடமிருந்து வெள்ளைக்காரன் பறித்த தீவு அது. கரும்பு விளையும் மண். வெட்ட ஆள் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியிலே பிணைத்துக் கப்பலிலே அடுக்கிக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரன் வீட்டுத் தேநீருக்குச் சர்க்கரை வேண்டும். அந்தச் சர்க்கரைக்காக ஓர் இனமே சாட்டையடி வாங்கிற்று! 1834இல் அடிமைமுறை ஒழிந்தது என்று சட்டம் போட்டார்கள். உண்மையிலே விலங்கு கழன்றது 1838இல்தான். கழன்றதும் என்ன செய்தான் தோட்டக்காரன்? 1845ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து 'பிளண்டெல்' என்ற கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் நம் நாட்டு ஒப்பந்தக் கூலிகள்! 'கூலி' என்ற சொல்லே அந்தத் தீவிலே வசைச் சொல்லாயிற்று. அடிமை போய்க் கூலி வந்தான், கரும்பு மட்டும் அப்படியே நின்றது.

1962 ஆகஸ்ட் 6இல் ஜமைக்கா விடுதலை பெற்றது. ஆனால் இசை அதற்கு முன்பே விடுதலை பெற்றுவிட்டது - அதுவும் எதனாலே தெரியுமா? மைக் செட்டாலே!

ஆமாம் தோழர்களே, மைக் செட்டாலேதான். தலைநகர் கிங்ஸ்டனிலே பணக்காரர்களுக்கு ஓட்டல் மண்டபம் இருந்தது, உடுப்பணிந்த வாத்தியக் குழு இருந்தது. சேரிவாசிக்கு? வாசற்படி தாண்ட முடியாது. வீட்டிலே வானொலிப் பெட்டி வாங்கவும் வக்கில்லை. 1940களின் கடைசியிலும் 1950களிலும் சிலர் ஒரு வழி கண்டார்கள். ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி அடித்தார்கள். அதிலே ஒலிபெருக்கிகளைப் பொருத்தினார்கள். தெரு முனையிலோ, வேலி போட்ட மைதானத்திலோ அதை நிறுத்தி இசைத்தட்டைச் சுழல விட்டார்கள். 'சவுண்டு சிஸ்டம்' என்று பெயர் வைத்தார்கள். யார் இந்த வேலையைச் செய்தது? டாம் வாங் - இரும்புச் சாமான் கடைக்காரர். டியூக் ரீட் - முன்னாள் போலீஸ்காரர், சாராயக் கடை வைத்திருந்தவர். காக்ஸோன் டாட் என்று இன்னொருவர். சங்கீத வித்வான் ஒருவரும் இல்லை! நம் ஊரிலே 'சவுண்ட் சர்வீஸ்' என்று பலகை மாட்டி, கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் செட்டு வாடகைக்கு விடுகிறாரே, அவர்தான் அங்கே இசை உலகத்தின் தந்தை!

முதலிலே அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டார்கள். அமெரிக்காக்காரன் ரசனை மாறியது. வேண்டிய தட்டு வருவது நின்றது. சரி, நாமே பாடுவோம் என்று சொந்தமாய்ப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அப்படி 1950களின் இறுதியில் பிறந்தது ஸ்கா என்ற துள்ளல் இசை. 1966 வாக்கில் அது வேகம் தணிந்தது. 1968இல் இன்னும் கனத்து ரெகே ஆயிற்று. நான்கு எண்ணுங்கள். நம் வழக்கப்படி ஒன்றிலே அடி விழ வேண்டும் அல்லவா? ரெகேயிலே பலமுறை அந்த ஒன்று வெறுமையாய் இருக்கும். கனத்த அடி மூன்றிலே விழும். கிதாரின் வெட்டு இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவிலே விழும். எஜமான் காலடி எங்கே விழுகிறதோ அங்கே விழமாட்டேன் என்பது போல ஒரு தாளம்! (இது என் விளக்கம், இசைப் புலவர்கள் கோபிக்க வேண்டாம்.)

டப் என்பது அதனினும் வேடிக்கை. இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம். முன்பக்கம் பாட்டு. பின்பக்கத்திலே அதே பாட்டை, பாடகர் குரலை எடுத்துவிட்டு, முரசையும் தடித்த கம்பியின் உறுமலையும் மட்டும் நிறுத்திப் பதிந்தார்கள். எஞ்சிய ஒலிக்குக் கிணற்றுக்குள்ளே கூவினால் திரும்பி வருகிறதே, அப்படி எதிரொலி கொடுத்தார்கள். இதைக் கலையாகவே ஆக்கியவர் கிங் டப்பி என்பவர். அவர் தொழில் என்ன? ரேடியோ, மின்சாதனம் பழுது பார்ப்பது! படிப்பாளிகள் இயந்திரத்தை எதற்காகச் செய்தார்களோ, அந்தப் பழுதுக்காரர் அதை வேறொன்றுக்குப் பயன்படுத்தினார். குரல் நீங்கிய அந்தப் பின்பக்கத்தை மைதானத்திலே ஓடவிட்டதும், மைக்கைப் பிடித்தவன் அதன்மேலே பேசத் தொடங்கினான். விலைவாசியைப் பேசினான். போலீஸ் அடியைப் பேசினான். பக்கத்துத் தெருச் சண்டையைப் பேசினான். இன்று உலகமெல்லாம் 'ராப்' என்று ஆடுகிறார்களே, அதன் வேர்களில் ஒன்று இந்தப் பின்பக்கத்திலே இருக்கிறது. நாற்காலியைக் காலி செய்து, "வா, நீ உட்கார்ந்து பேசு" என்று அழைக்கிற இசை டப். இதை நினைவில் வையுங்கள். பின்னாலே பஞ்சாப் போகும்போது தேவைப்படும்.

மைக்கின் அருமை நமக்கா தெரியாது? குழாய் ஒலிபெருக்கியைப் புளியமரத்திலே கட்டி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலே கூட்டம் நடத்தி வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! பேச்சாளர் வர நேரமாகும். நாகூர் அனிபா பாட்டைப் போட்டால் பக்கத்து ஊரிலிருந்தும் ஆள் வரும். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அந்தப் பெரியவரின் வெண்கலக் குரல் நம் மாநாடுகளிலே பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. அச்சடித்த ஏட்டைப் படிக்கத் தெரியாதவனும் கேட்பான், அழுவான், கை தட்டுவான். ஜமைக்காக்காரன் தன் பெட்டியை ஏன் உயிராய் நேசித்தான் என்பது நமக்குப் புரியாமல் போகாது.

இப்போது அந்தப் பனியன் முகத்துக்கு வருவோம். 1976 டிசம்பர் 3ஆம் நாள் மார்லியின் வீட்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்து சுட்டார்கள். மார்பிலும் கையிலும் காயம். இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 5இல், அந்தக் காயத்தோடு மேடையேறிப் பாடினார். 1978 ஏப்ரல் 22இல், ஒருவர் கட்சிக்காரரை ஒருவர் கட்சிக்காரர் கொன்று குவித்த காலத்திலே, ஆளுங்கட்சித் தலைவர் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் சியாகாவையும் மேடைக்கு இழுத்து வந்து இருவர் கையையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தார். 1980 ஏப்ரலிலே ஜிம்பாப்வே நாட்டிலே வெள்ளையர் கொடி இறங்கிய இரவு. அந்த விடுதலை விழாவிலே பாடியவர் அவர். கஞ்சா புகைத்தார், உண்மைதான். அது அவர் சார்ந்த ராஸ்தஃபாரி சமயத்து வழக்கம். கடவுள் இல்லை என்கிற நாம் அந்தச் சமயத்தை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் துப்பாக்கிக் காயத்தோடு மேடையேறிய ஒருவரின் வாழ்க்கையிலே புகையை மட்டும் எடுத்துக் கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிவது என்ன நியாயம்?

மூன்றாவதாகச் சொன்னேனே பங்க், அது இலண்டன் சரக்கு. 1976, 77. பிரிட்டனிலே வேலையில்லாதோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டி நின்ற காலம். தொழிலாளி வீட்டுப் பையன்கள் கிழிந்த சட்டையை ஊசியால் குத்திக் கொண்டு, மூன்றே சுரக்கட்டு கற்றுக் கொண்டு, மேடையேறிக் கத்தினார்கள். அழகாய்ப் பாட வேண்டும் என்பதல்ல அவர்கள் எண்ணம். யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று காட்டுவது. ராக்ஸி என்ற விடுதியிலே இவர்கள் கூடினார்கள். பங்க் இசைத்தட்டு போதிய அளவு வெளிவராத நேரம். அங்கே தட்டுப் போடும் வேலை பார்த்த டான் லெட்ஸ் என்ற கறுப்பு இளைஞர், தம்மிடம் இருந்த ரெகே தட்டுகளைப் போட்டார். வெள்ளைப் பையன்கள் மயங்கினார்கள்! 'தி கிளாஷ்' என்ற குழு 1977இல் தன் முதல் தொகுப்பிலேயே ஒரு ஜமைக்காப் பாட்டை எடுத்துப் பாடிற்று.

வெறும் ரசனையோடு அது நிற்கவில்லை. 1976 ஆகஸ்டிலே எரிக் கிளாப்டன் என்ற பேர்பெற்ற கிதார்க் கலைஞர் பர்மிங்காம் மேடையிலே நின்று, அன்னியர்களை வெளியேற்றச் சொல்லும் அரசியல்வாதிக்கு ஆதரவாய்ப் பேசினார். இவர் கிதாரைக் கற்றது யாரிடம்? கறுப்பர் இசையிலே! பெருவெற்றி ஒன்று பெற்றது எதனாலே? மார்லியின் பாட்டையே பாடி! இதைப் பொறுக்காதவர்கள் 'இனவெறிக்கு எதிரான ராக்' என்று ஓர் இயக்கம் கண்டார்கள். 1978 ஏப்ரல் 30இல் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை ஊர்வலம். முடிவிலே கிளாஷும், 'ஸ்டீல் பல்ஸ்' என்ற கறுப்பர் ரெகே குழுவும் ஒரே மேடையிலே பாடின.

மறு ஆண்டு, 1979 ஏப்ரல் 23. சவுத்தால் - பஞ்சாபித் தொழிலாளர் நிறைந்த இலண்டன் பகுதி. நிறவெறிக் கட்சியான தேசிய முன்னணி அங்கே வந்து கூட்டம் போட்டது. ஊரே திரண்டு எதிர்த்தது. போலீஸ் தடியடியிலே பிளேர் பீச் என்ற ஆசிரியர் உயிரிழந்தார். 'மிஸ்டி இன் ரூட்ஸ்' என்ற அந்த ஊர் ரெகே குழுவைச் சேர்ந்த கிளாரன்ஸ் பேக்கரின் மண்டை உடைந்தது, நினைவிழந்து கிடந்தார். கறுப்பன் இரத்தமும் பஞ்சாபி இரத்தமும் வெள்ளை ஆசிரியரின் இரத்தமும் ஒரே தெருவிலே சிந்தின. ரெகே அன்று பஞ்சாபிக்கு உறவாயிற்று.

இனி டெல்லி.

தரு டால்மியா என்பது அந்தக் கலைஞர் பெயர். 'டால்மியா' என்றதும் கழகத் தோழர்களுக்கு 1953ஆம் ஆண்டுக் கல்லக்குடியும், தண்டவாளமும், தடியடியும் நினைவுக்கு வரும். வரட்டும்! பெயரை வைத்து ஆளை எடைபோடுவது நம் வேலையல்ல. பிறப்பை வைத்து மனிதனை அளக்கக் கூடாது என்பதை ஊருக்குச் சொல்லிவிட்டு நாமே அதைச் செய்யலாமா? மேடையிலே அவர் வைத்துக் கொண்ட பெயர் 'டெல்லி சுல்தானேட்'. 2009இல் 'ஸ்கா வெஞ்சர்ஸ்' என்ற குழு டெல்லியிலே தோன்றியபோது, சமாரா சோப்ரா என்ற பாடகியோடு அதன் முன்வரிசையிலே நின்றவர். ஜமைக்காவின் ஸ்கா, டப், இலண்டனின் பங்க் முரட்டுத்தனம் எல்லாம் அந்தக் குழுவிலே கலந்தன. 1967இல் டேண்டி லிவிங்ஸ்டன் என்ற ஜமைக்காக்காரர் அடாவடிப் பையன் ஒருவனுக்குப் புத்தி சொல்வதாய்ப் பாடிய மெட்டு ஒன்று உண்டு. 2014 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்திலே அந்த மெட்டை எடுத்து, பையன் பெயர் இருந்த இடத்திலே மோடியின் பெயரைப் போட்டுப் பாடி வெளியிட்டார்கள். எதிர்ப்புப் பாட்டு என்றாலே முகம் சுளித்து முட்டியை முறுக்குவதுதான் என்றிருந்தவர்களுக்கு, ஆட வைக்கிற மெட்டிலே சாட்டையைச் சுற்றிக் கொடுத்தார்கள்.

குழுவுக்கு வெளியே, தமக்கென்று அவர் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாய்ப் படுகிறது. ஒன்று, பெட்டி. மக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, கிங்ஸ்டனிலே செய்தது போலவே ஆள் உயர மரப்பெட்டிகளைக் கையாலே செய்வித்து, 'பி.எஃப்.ஆர். சவுண்டு சிஸ்டம்' என்று நிறுவினார்கள் அவரும் சமாராவும். எதற்கு இந்தப் பாடு? விடுதிக்காரன் பெட்டியிலே பாடினால் விடுதிக்காரன் சொல்வதைத்தான் பாட வேண்டும். பெட்டி சொந்தமானால் எந்தத் தெருவிலும் நிறுத்தலாம்! 2017இல் அல் ஜசீரா தொலைக்காட்சி இந்த முயற்சியை ஒரு படமாகவே எடுத்து உலகுக்குக் காட்டிற்று.

இரண்டாவது வேலை, பந்த் சிங்.

இந்தப் பெயரை நம் தோழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பஞ்சாபிலே மான்சா மாவட்டம், புர்ஜ் ஜப்பர் சிற்றூர். பந்த் சிங் அவ்வூர்த் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், விவசாயத் தொழிலாளர் சங்கத்திலே ஊறியவர், மேடையேறினால் பாடுபவர். அவர் மகளுக்கு, சிறு பெண்ணுக்கு, கொடுமை இழைத்தார்கள். "வெளியே சொல்லாதே, மானம் போய்விடும்" என்றது ஊர். யார் மானம்? பந்த் சிங் கேட்கவில்லை. வழக்குப் போட்டார். மிரட்டினார்கள், பணம் காட்டினார்கள், அசையவில்லை. 2004இல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நிலமில்லாத் தொழிலாளி ஒருவர், நிலமுடையார் பக்கத்தை நீதிமன்றத்திலே வென்றார்! பொறுப்பார்களா? 2006 ஜனவரி 5 இரவு, வயல்வழியே வீடு திரும்பியவரைச் சூழ்ந்து கொண்டார்கள். இரும்புத் தடிகளால் அடித்தார்கள். இறந்தார் என்று எண்ணி விட்டுப் போனார்கள். மருத்துவமனையிலே உரிய நேரத்திலே சிகிச்சை கிடைக்கவில்லை. காயம் அழுகிற்று. இரண்டு கைகளையும் ஒரு காலையும் வெட்டி எடுத்தார்கள்.

கட்டிலிலே கிடந்தபடியே அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா?

பாடினார்!

சந்த் ராம் உதாசி என்ற பஞ்சாபிக் கவிஞரின் பாட்டுகளைப் பாடினார். அவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பிலே பிறந்தவர், ஆசிரியர் வேலை பார்த்தவர், 1986இல் மறைந்தவர், பாட்டுக்காகச் சிறை கண்டவர். கையை எடுத்தீர்கள், காலை எடுத்தீர்கள், நாக்கை விட்டுவிட்டீர்களே என்று கேட்பது போல இருந்தது அந்தப் பாட்டு.

சில ஆண்டுகள் கழித்து தரு டால்மியாவும், கிறிஸ் மெக்கின்னஸ் என்ற அமெரிக்க ஒலிப்பதிவுக் கலைஞரும் கருவிகளைத் தூக்கிக் கொண்டு அந்தச் சிற்றூருக்குப் போனார்கள். 'வேர்டு சவுண்டு பவர்' என்று அந்த முயற்சிக்குப் பெயர். பந்த் சிங்கைப் பட்டணத்துக்கு வரவழைத்து, கண்ணாடி அறையிலே உட்கார வைத்துப் பதிவு செய்யவில்லை. அவர் ஊரிலே, அவர் வீட்டிலே, அவர் பாட அவர் குரலைப் பதிந்தார்கள். அதன் அடியிலே ரெகேயின் முரசையும் டப்பின் உறுமலையும் வைத்தார்கள். நடுவே தரு டால்மியா தம் வரிகளைச் சேர்த்துப் பாடினார். விலை போடவில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கேட்டுக் கொள்ளுங்கள் என்று வெளியிட்டார்கள்.

முன்பே சொன்னேன், குரலை நீக்கி நாற்காலியைக் காலியாக வைக்கிற இசை டப் என்று. கிங்ஸ்டன் சேரியிலே ரேடியோ பழுது பார்ப்பவர் காலியாக வைத்த நாற்காலியிலே, முப்பத்தைந்து நாற்பது ஆண்டு கழித்து, மான்சா மாவட்டத்து விவசாயக் கூலி வந்து உட்கார்ந்தார்! பந்த் சிங்குக்குக் கை இல்லை. தாளம் போட முடியாது. தாளத்தை ஜமைக்கா போட்டது.

இதே முயற்சி பின்னர் ஒரிசாவின் மலைப்பகுதிக்கும் போயிற்று. சுரங்கத்துக்காக மண்ணை இழக்கும் பழங்குடியினரின் பாட்டைப் பதிந்தது. அதை விரிக்க இடமில்லை.

குறை சொல்லாமல் விடவும் மனமில்லை. டெல்லி விடுதிகளிலே இந்த இசைக்குக் கூடியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த வீட்டுப் பிள்ளைகள். பாட்டிலே பாதி ஆங்கிலம். பந்த் சிங்கின் பக்கத்து வயலிலே நாற்று நடுகிறவர் அதைக் கேட்டுத் தலையாட்டுவாரா? சந்தேகம்தான். எதிர்ப்புப் பாட்டைக் கேட்டுவிட்டு, எதிர்த்தாயிற்று என்று எண்ணி வீட்டுக்குப் போய்த் தூங்குகிற கூட்டமும் உண்டு. ஆனால் ஒன்று: இங்கே நம் கடற்கரையிலும் ரெகே ஒலிக்கிறது - நுழைவுச் சீட்டு வாங்கி, அலைச்சறுக்குப் பார்த்து, இளநீரோ வேறெதுவோ குடித்து, சாய்நாற்காலியிலே கேட்பதற்கு. மணலிலே வலை உலர்த்துகிறவர் வேலிக்கு அப்பால் நின்று பார்க்கிறார். இந்த ரெகேயையும் புர்ஜ் ஜப்பரின் ரெகேயையும் ஒரே தராசிலே வைக்க என்னால் முடியாது. பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாய் என்பதுதான் கேள்வி. அவர் வயலைப் பார்த்துத் திருப்பினார்.

நம்மிடம் அத்தகைய இசை இல்லையா? இல்லாமலா! பறை இருக்கிறது. உறுமி இருக்கிறது. ஈழத்திலே வளர்ந்து, 1986இல் அகதியாய் இலண்டன் சேர்ந்த மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம் என்ற தமிழ்ப் பெண், தம் தாயின் பெயரால் 'கலா' என்று 2007இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதற்காகச் சென்னைக்கு வந்து நம் உறுமிக்காரர்களின் அடியைப் பதிந்து கொண்டு போனார். அந்த அடி ஒலிக்கும் பாட்டொன்றைப் படம் பிடித்தது எங்கே? ஜமைக்காவின் கிங்ஸ்டனிலே! அதே தொகுப்பிலே இன்னொரு பாட்டு 'தி கிளாஷ்' குழுவின் 1982ஆம் ஆண்டு இசையின்மேல் எழுந்தது. நம் உறுமி, ஜமைக்காவின் தெரு, இலண்டனின் பங்க் - மூன்றும் ஒரு தமிழ்ப் பெண்ணின் கையிலே சேர்ந்தன. உலகம் ஆடிற்று. உறுமி அடித்தவரின் தெருவிலே மாற்றம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

2018 ஜனவரி 6இல் கீழ்ப்பாக்கத்திலே அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். இயக்குநர் பா. இரஞ்சித்தும், சென்னையின் சினிமா சாராத இசை வட்டத்திலே பல காலம் உழைத்த டென்மாவும் சேர்ந்து அமைத்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அன்று அரங்கேறிற்று. பெயர் ஆங்கிலம், பொருள் அயோத்திதாசப் பண்டிதருடையது. 1845இல் பிறந்து 1914இல் மறைந்த அந்தப் பெரியார் அன்றே சொன்னதுதான் 'சாதிபேதமற்ற' என்ற அடைமொழி. பறையும் சட்டியும் கிதாரும் ஒரே வரிசையிலே நின்றன. ஆண்களின் கோட்டையாயிருந்த கானாவை இசைவாணி என்ற பெண் மேடையேறிப் பாடினார். சாவு வீட்டுக்கு மட்டும் அழைத்து, கொல்லைப்புறத்திலே சோறு போட்டு அனுப்பிய பறையை, ஊர் நடுவிலே விளக்கு வெளிச்சத்திலே நிறுத்தினார்கள். டெல்லிக்காரர் வயலுக்குப் போனார் என்றால், இவர்கள் வயலிலிருந்தும் குப்பத்திலிருந்தும் தாங்களே மேடைக்கு வந்தார்கள். அதிலே எனக்குக் கூடுதல் பெருமை.

ஆனால் நம் தெருவிலே இன்று பெட்டி என்ன பாடுகிறது? திருவிழா வருகிறது. சவுண்ட் சர்வீஸ்காரர் வண்டியிலே மலைபோல் பெட்டி அடுக்கிக் கொண்டுவந்து இறக்குகிறார். முதல் பாட்டு சாமி பாட்டு. இரண்டாவது சினிமாப் பாட்டு. இரவு ஏறியதும் மூன்றாவது எது? எங்கள் சாதி சிங்கம், எங்கள் சாதி வேங்கை என்று அரிவாளைத் தூக்கிக் காட்டுகிற பாட்டு! வேண்டுமென்றே சேரி முனையிலே வண்டியை நிறுத்திப் போடுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பையன் அதைக் கைப்பேசியிலே ஏற்றிக் கொள்கிறான். கையிலே சாதிக்கொரு நிறத்திலே கயிறு கட்டிக் கொள்கிறான். 2023 ஆகஸ்டிலே நாங்குநேரியிலே பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்களே - அவர்களும் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான். அடிமையின் பேரன் தலை நிமிர்வதற்காகக் கண்டுபிடித்த மரப்பெட்டி, நம் ஊரிலே சாதித் திமிருக்குத் தொண்டை ஆகிவிட்டது!

நடப்பது எந்த மண்ணிலே? 1929 பிப்ரவரி 17, 18 நாட்களிலே முதல் சுயமரியாதை மாநாடு கூடிய செங்கற்பட்டு மண்ணிலே! பெயருக்குப் பின்னாலே சாதிப் பட்டத்தைப் போடாதே என்று தீர்மானம் போட்ட மண்ணிலே! அன்று பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டினோம். அது ஒலிபெருக்கிக்குள் புகுந்து கொண்டது.

சவுண்ட் சர்வீஸ்காரர் நம் எதிரியல்ல. கடன் வாங்கிப் பெட்டி செய்தவர். கேட்ட பாட்டைப் போடாவிட்டால் வாடகை கிடைக்காது. கேட்கிறவர்கள் நாமாகவும் இருக்கலாம் அல்லவா? மாசித் திருவிழாவுக்குத் திருப்போரூர் வட்டாரத்துச் செட்டுகளெல்லாம் முன்பணம் வாங்குகிற காலம் வருகிறது. நம் கிளைத் தோழர்கள் பலர் விழாக் குழுக்களிலே இருக்கிறார்கள். முன்பணம் கொடுக்கும்போதே சாதிப் பாட்டு ஒன்றுகூடக் கூடாது என்று தாளிலே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பறைக்குழுவை அழைப்பதானால், மற்ற வாத்தியக்காரருக்குப் பேசுகிற அதே தொகையைப் பேசுங்கள். அதே பந்தியிலே இலை போடுங்கள். அந்தப் பனியன் போட்ட தம்பி கூட்டத்திலே நின்றால் அருகே அழையுங்கள். பந்த் சிங்கின் பாட்டைத் தேடி எடுத்து, பெட்டியிலே அவனையே போடச் சொல்லுங்கள்.